மாற்று நாளுக்கு முன்பே தொடங்கும் மூச்சு

அன்புள்ள தேன்மொழி,

மஜ்ஜை மாற்றுப் பிரிவில் நீ சேரவிருப்பதாக உன் அப்பா சொன்னார். ரத்தப் புற்றுக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ஹர்லர் நோய்க் குழந்தையைப் பார்த்துவிடாதே. ஏற்றும் ஸ்டெம் செல்லும் அதற்கு முன் கொடுக்கும் கண்டிஷனிங் மருந்துகளும் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றைத் தாங்கவேண்டிய நுரையீரல்தான் வேறு. மாற்றுக்குப் பின் வரும் நுரையீரல் ஆபத்தை மாற்றுக்கு முன்பே தேடத் தொடங்கவேண்டும் என்பது என் துணிபு.

காரணம் நோயிலேயே இருக்கிறது. இடுரோனிடேஸ் என்சைம் இல்லாததால் டெர்மட்டான் சல்ஃபேட்டும் ஹெபரான் சல்ஃபேட்டும் மூளை உட்பட உடலெங்கும் தேங்குகின்றன. நாக்கு பருக்கிறது, அடினாய்டு வீங்குகிறது, மூச்சுக்குழல் தடித்துக் குறுகுகிறது. விலா எலும்புகள் இறுகிய மார்பை, பெருத்த கல்லீரலும் மண்ணீரலும் கீழிருந்து நெருக்குகின்றன. இப்படிப்பட்ட நுரையீரலின் மேல்தான் நாம் புசல்ஃபான் என்ற கண்டிஷனிங் மருந்தைச் செலுத்துகிறோம்; பிறகு சில வாரம் எதிர்ப்பாற்றலே இல்லாமல் வைக்கிறோம். மாற்றுக்குப் பின் ஹர்லர் குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிவதை டொராண்டோ, மின்னசோட்டா மருத்துவர்கள் 2000களிலேயே எழுதி எச்சரித்தார்கள். தட்டணுக்கள் குறைந்ததால் வந்த கசிவுதானே என்று சிலர் சொல்வார்கள். தட்டணு எல்லாக் குழந்தைகளுக்கும்தான் குறைகிறது. அது மட்டுமே காரணமென்றால் இவர்களைத் தனியே குறிப்பிட்டு எழுதவேண்டி வந்திருக்காது.

உன் மூத்தவர்கள் எழுப்பக்கூடிய வலுவான மறுப்பு காலத்தைப் பற்றியது. 1980இல் லண்டனில் ஹாப்ஸ் குழுவினர் ஹர்லர் குழந்தைக்கு முதன்முதலாக மஜ்ஜை மாற்றியதிலிருந்து சேர்ந்த அனுபவத்தின்படி, மூளையைக் காக்க முந்திக்கொள்ளவேண்டும், இயன்றால் இரண்டு வயதுக்குள் முடிக்கவேண்டும் என்பதே பாடம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மார்பு சி.டி., தூக்கத்தில் மூச்சுப் பரிசோதனை, மூக்குச் சளியில் வைரஸ் தேடுதல் எல்லாம் கொடையாளியைத் தேடும் நாட்களுக்குள்ளேயே முடியக்கூடியவை. 2003 முதல் கிடைக்கும், இல்லாத என்சைமுக்கு ஈடாகத் தரும் லாரோனிடேஸை வாரந்தோறும் ஏற்றினால் கல்லீரல் சுருங்கும், மூச்சு கொஞ்சம் இலகுவாகும். மூளைக்குள் அது போகாது என்பதால் மாற்றுக்கு ஈடாகாது. காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் இருக்க உதவும், அவ்வளவே. சளியில் பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸோ ஆர்.எஸ்.வி. வைரஸோ தெரிந்தால் மாற்றைத் தள்ளிப்போடத் தயங்காதே. சில வாரத் தாமதத்தால் மூளை இழப்பது குறைவு. கிருமியோடு கண்டிஷனிங்குக்குள் நுழைந்தால் உயிரே போகலாம்.

இந்தப் பரிசோதனைகளுக்குத் தரும் மயக்க மருந்து ஆபத்து என்பது இன்னொரு மறுப்பு, அதில் உண்மை இருக்கிறது. இவர்களின் கழுத்து முள்ளெலும்பு உறுதியற்றதாக இருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவது அனுபவசாலிக்கே கடினம். அதனால்தான் பரிசோதனைகளைச் சிதறவிடக் கூடாது. மத்திய சிரைக் குழாய் பொருத்தும் அன்றே, அதே மயக்கத்தில், மூச்சுப் பாதையையும் பார்த்துவிடச் சொல். பார்த்ததை வரைந்து கேஸ் ஷீட்டில் வை. நள்ளிரவில் வென்டிலேட்டருக்கு மாற்றவேண்டி வந்தால் அந்த ஒரு தாள் பெரிய உதவி.

மாற்றுக்குப் பின் காய்ச்சலோடு எக்ஸ்ரேயில் வெண்மை படர்ந்தால், ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவது சரி, அதோடு நின்றுவிடாதே. சின்னக் குழந்தை ரத்தமாகத் துப்பிக் காட்டாது. ஆக்சிஜன் தேவை ஏறி, ஹீமோகுளோபின் காரணமின்றி இறங்கினால் கசிவைச் சந்தேகி. நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீர் அடுத்தடுத்த முறை மேலும் சிவந்தால் சந்தேகம் உறுதிப்படும். கிருமி எதுவும் இல்லாமலே நுரையீரல் அழலும் நிலையும் உண்டு. அங்கே ஸ்டீராய்டு தருவதா என்பது கடினமான முடிவு. கழுவிய நீரைப் பார்க்காமல் எடுத்தால் அது வெறும் யூகம்.

தாமதமாக வரும் சிறுமூச்சுக்குழல் அடைப்புதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஸ்பைரோமெட்ரியில் ஊத ஐந்தாறு வயதாவது ஆகவேண்டும். நாம் மாற்றுவதோ இரண்டு வயதுக்குள். இடையில் உள்ள ஆண்டுகளில் ஸ்பைரோமெட்ரி எண் கிடைக்காது. அதனால் ஓடி விளையாடியபின் ஆக்சிஜன் அளவு, மூச்சை வெளிவிட்ட நிலையில் எடுக்கும் சி.டி., ஓயாத இருமல் பற்றி அம்மா சொல்வது ஆகியவற்றை ஒவ்வொரு வருகையிலும் குறித்து வா. சளிதான் என்று யாரேனும் மூன்றாம் முறையும் எழுதியிருந்தால் நீ மறுபடி பார்.

அன்புடன்,
சித்தப்பா