வாசல் மண் அடுப்பு விரிசல் விடாமலிருக்க

கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருக்கும் கோலார் தங்கவயலில் மார்கழிக் குளிர் கடுமை. அங்குள்ள மாரிக்குப்பமோ ஆண்டர்சன்பேட்டையோ, வெந்நீருக்கும் குளிர்காயவும் வாசலில் மண் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழையிலேயே அதைக் காக்கத் தொடங்க வேண்டும். மண் உறிஞ்சிய ஈரம் சூட்டில் ஆவியாகி விரியும்போதுதான் அடுப்பு பிளக்கிறது. ஆகவே செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். நன்றாக ஆறிய பிறகே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நனைந்துவிட்டால் சில நாள் காயவிட்டு, முதலில் சுள்ளி மட்டும் எரியுங்கள். உள்ளே அடியில் மணல் பரப்புவது நல்லது. எரியும் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது, மணல் போதும். சிறு விரிசலுக்குக் களிமண்ணும் சலித்த சாம்பலும் குழைத்துப் பூசலாம். எவ்வளவு குளிரானாலும் தணலை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும்.