மழைநீர் போகும் வழி

பெங்களூரு மேட்டில் உள்ள நகரம். அது கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரின் நடுவே பெரிய ஆறு ஓடவில்லை. அதனால் முன்னோர்கள் பள்ளமான இடங்களில் கரை கட்டி ஏரிகளை அமைத்தார்கள்.

மேல் ஏரி நிறைந்தால், மிச்ச நீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போகும். அந்தக் கால்வாயை அங்கே ராஜகாலுவே என்பார்கள். பெல்லந்தூர் ஏரி நீர் வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. பிறகு தென்பெண்ணை ஆற்றில் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வருகிறது.

எந்த நிலத்தின் மழைநீர் ஏரிக்கு வந்து சேர்கிறதோ, அந்த நிலம் முழுவதும் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி.

நகரம் வளர்ந்தது. வயல்கள் மனைகள் ஆயின. பல இடங்களில் கால்வாய் குறுகியது. சில இடங்களில் மறைந்தே போனது. ஆனாலும் தண்ணீர் பள்ளத்தைத்தானே நாடும்? 2022 செப்டம்பரில் பெருமழை பெய்தது. பெல்லந்தூர், மகாதேவபுரா பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றிச் சென்றார்கள்.

நீர் போகும் வழியை அறிய செயற்கைக்கோள் உதவுகிறது. தொடாமல், தொலைவிலிருந்தே அறிவதால் இதற்குத் தொலையுணர்வு என்று பெயர். 1988-இல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இத்தகைய செயற்கைக்கோள் படங்களில் பயிர்களைச் சிவப்பாகக் காட்டுவார்கள். தெளிந்த நீர் கறுப்பாகத் தெரியும். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், ஏரி எவ்வளவு சுருங்கியது என்பது புரியும்.

2005-இல் கார்ட்டோசாட்-1 ஏவப்பட்டது. அதில் இரண்டு கேமராக்கள் இருந்தன. நம் இரண்டு கண்களைப் போல, அவை மேடு பள்ளத்தைக் காட்டின. மேடு பள்ளம் தெரிந்தால், நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையை வரையலாம்.

படம் மட்டும் போதாது. ஆகாயத்தாமரை மூடிய ஏரி, படத்தில் தோட்டம் போலத் தெரியும். பாலத்தின் அடியில் அடைத்த குப்பை தெரியாது. ஆகவே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களையும் கேட்க வேண்டும்.

மனை வாங்குபவர்களும் இப்படிச் செய்யலாம். கோடையில் எல்லா மனையும் காய்ந்துதான் இருக்கும். மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். நில அளவை வரைபடத்தில் கால்வாய் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பணம் கொடுங்கள்.

கேள்விகள்

1. நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன?
2. செயற்கைக்கோள் படம் இருந்தும் ஏன் நேரில் பார்க்க வேண்டும்?
3. உங்கள் தெருவில் பெய்யும் மழைநீர் எங்கே போகிறது? நடந்து பார்த்து, ஒரு படம் வரையுங்கள்.