வளைவில் நிற்கும் நீர்

(உரைநடைப் பாடம்)

‘நாற்றம்’ என்னும் சொல் பழந்தமிழில் மணம் என்ற பொதுப்பொருளில் வழங்கியது. மலரின் மணமும் நாற்றமே. காலப்போக்கில் அச்சொல்லின் பொருள் இழிந்து, இன்று தீய மணத்தை மட்டுமே குறிக்கின்றது. இம்மாற்றத்தை இலக்கண நூலார் இழிபொருட்பேறு என்பர். இப்பாடம் இன்றைய பொருளில் வழங்கும் நாற்றத்தைப் பற்றியது.

நாகபுரியில் நான் பணியாற்றிய காலத்தில், கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று நாற்பது நாள் கழித்துத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் அழுகிய முட்டையின் நாற்றம் முகத்தில் அடித்தது. எலி ஏதேனும் இறந்து கிடக்கும் என எண்ணி அலமாரிகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தோம். தரையெங்கும் பினாயில் தெளித்தோம். சிறிது நேரம் இரண்டு மணமும் சேர்ந்து வீசின, அவ்வளவுதான். மறுநாள் வந்த முதிய குழாய்ப் பணியாளர் எதையும் கழற்றவில்லை. குளியலறை வடிகாலிலும், கைகழுவும் தொட்டியிலும், கழிப்பறைக் கோப்பையிலும் இரண்டிரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினார். சாளரங்களைத் திறந்து வைக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் வீடு பழைய வீடாயிற்று.

அவர் செய்தது மந்திரம் அன்று. ஒவ்வொரு வடிகாலுக்கும் கீழே குழாயில் ஒரு வளைவு உண்டு. நாம் ஊற்றும் நீர் ஓடியபின் கடைசியில் சிறிதளவு நீர் அவ்வளைவில் தங்கிவிடும். பொதுவாக அதன் ஆழம் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். சாக்கடையின் வாயுக்கள் நம் அறைக்குள் வாராமல் தடுப்பது அந்த இரண்டு அங்குல நீர் மட்டுமே. இலண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775ஆம் ஆண்டில் இத்தகைய வளைவு கொண்ட கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். மிகச் சிறிய மாற்றந்தான். ஆயினும் கழிப்பறையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வழிசெய்தது அதுவே.

நம் நாட்டில் குளியலறைத் தரையில் பதிக்கும் இவ்வமைப்பை ‘நஹானி ட்ராப்’ என்பர். இந்தியில் ‘நஹானா’ என்றால் நீராடுதல் என்பதை நீங்கள் அறிவீர்கள். மராத்தியில் குளியலறைக்கு ‘ந்ஹாணி’ என்றே பெயர். ஆங்கிலச் சொல்லோடு இந்தியச் சொல் இணைந்து கட்டடத் தொழிலில் நிலைத்துவிட்டது.

வறண்ட கோடையில் பயன்படுத்தாத வடிகாலின் நீர் ஆவியாகிவிடும். காவல் நீங்கினால் வாயு நுழையும். ஆகவே ஊருக்குப் புறப்படும் நாளில் ஒவ்வொரு வடிகாலிலும் நீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் விடலாம். எண்ணெய் மேலே படர்ந்து நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

நாள்தோறும் பயன்படும் குளியலறையிலும் நாற்றம் வருமாயின் காரணம் வேறு. முதலில் எந்தத் துளை என்று கண்டறிய வேண்டும். ஞெகிழிப் பையில் நீர் நிரப்பிக் கட்டி, இரவில் ஒரு வடிகாலின் மேல் வைத்துவிடுங்கள். காலையில் நாற்றம் இல்லையேல் குற்றவாளி அதுவே. இருந்தால் மறுநாள் அடுத்த துளையைச் சோதியுங்கள்.

தரை வடிகாலின் சல்லடையைத் தூக்கினால், பல வீடுகளில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பு நீருக்குள் மூழ்கியிருப்பதாலேயே வாயு தடுக்கப்படுகிறது. தண்ணீர் மெதுவாகப் போகிறதே என்று அக்கிண்ணத்தை எடுத்து எறிந்துவிடுவோர் பலர். தண்ணீர் விரைந்து ஓடும். நாற்றமும் கரப்பானும் விரைந்து வரும். நான் பார்த்த வீடுகளில் இதுவே அடிக்கடி நிகழும் பிழை. கிண்ணம் இருந்தும் நாறினால், முடியும் சோப்புக் கசடும் சேர்ந்து வழவழப்பான படலமாகப் படிந்திருக்கும். கையுறை அணிந்து அவற்றை அள்ளி எடுத்து, தூரிகையால் தேய்த்து, சலவைச் சோடாவும் வெந்நீரும் ஊற்றினால் போதும்.

கைகழுவும் தொட்டியின் கீழுள்ள நெளிகுழாயையும் குனிந்து பாருங்கள். அதன் முனை தரைக்குழாயில் வெறுமனே செருகப்பட்டிருக்கும், சுற்றிலும் இடைவெளி. அதனை இரப்பர் வளையத்தால் அடைத்து, நெளிகுழாயை ஒருமுறை வளைத்துக் கட்டினால் அங்கும் நீர் தங்கும்.

மேல்மாடியில் யாரேனும் கழிப்பறைத் தொட்டியின் நீரைத் திறக்கும்போது நம் வடிகால் ‘களக் களக்’ என்று ஒலிக்கின்றதா? அப்படியாயின் கூரைவரை செல்லும் காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டிருக்கக் கூடும். காற்றுக்கு வழியில்லாமல், கீழிறங்கும் நீர் நம் வளைவிலுள்ள நீரையும் உறிஞ்சிச் செல்கிறது. இதை நாமே சரிசெய்ய இயலாது; குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகத்திற்கு எழுத வேண்டும்.

இவற்றுள் எதையும் பாராமல் அமிலப் புட்டியைத் தேடுவது நம் வழக்கமாகிவிட்டது. அமிலம் வறண்ட வளைவை நிரப்பிச் சிறிது காலம் நாற்றத்தை நிறுத்தலாம். ஆனால் சிமெண்டையும் இரும்பையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு அது கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். மூடிய குளியலறையில் அதனைச் சுவாசிப்பது உயிருக்கே கேடு.

சாக்கடையின் அழுகிய முட்டை மணத்துக்குக் காரணம் ஐதரசன் சல்பைடு. மிகச் சிறிய அளவிலேயே மூக்கு இதனை உணர்ந்துவிடும். அளவு மிகும்போதோ மூக்கின் உணர்வு மரத்துப்போய், நாற்றமே இல்லாததுபோல் தோன்றும். ஆழ்குழிக்குள் இறங்கும் தொழிலாளர் எச்சரிக்கையின்றி மயங்கி விழுவது இதனாலேயே. காப்பாற்ற இறங்குபவரும் அவ்வாறே விழுவர். பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் குடியிருப்பின் குழி அடைபட்டால் உறிஞ்சு இயந்திர வண்டியையே அழையுங்கள். ‘ஒரே நிமிடம் இறங்கிப் பார்க்கிறேன்’ என்று எவரேனும் சொன்னால் இறங்க விடாதீர்கள்.

சொற்பொருள்

சாளரம் – சன்னல்
கசடு – அடியில் தங்கும் அழுக்கு
ஞெகிழி – பிளாஸ்டிக்
தூரிகை – பிரஷ்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வெந்நீர், நறுமணம், கழிவுநீர்.
2. குளிக்கும்போது நாற்றம் இல்லை. மேல்வீட்டார் கழிப்பறையைப் பயன்படுத்தியபின் மட்டும் நாறுகிறது. காரணம் யாதாக இருக்கலாம்? விளக்குக.
3. நாற்றம் திடீரென மறைவது ஏன் சில இடங்களில் ஆபத்தின் அறிகுறி ஆகும்?
4. காற்றுப்போக்கிக் குழாயைச் சீர்செய்ய வேண்டிப் பராமரிப்பு அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் வரைக.
5. உங்கள் வீட்டில் எத்தனை வடிகால்கள் உள்ளன? பெரியவர் ஒருவர் துணையுடன் ஒவ்வொன்றிலும் நீர் நிற்கின்றதா எனக் கைவிளக்கால் பார்த்து, கண்டதை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.