விட்டுவிட்டு அறுபடும் வீட்டு இணைய இணைப்பு

அடியோடு நின்றுபோன இணைப்பின் கோளாற்றைக் கண்டறிவது எளிது. விட்டுவிட்டு அறுபடும் இணைப்போ, பழுது பார்ப்பவர் வந்து நிற்கும் வேளையில் செவ்வனே இயங்கி, அவர் தெருமுனை திரும்பியதும் மீண்டும் அறுந்துவிடும். வீட்டிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், இரவில் அறிக்கை அனுப்பும் கள அலுவலருக்கும் இதனால் நேரும் இடர் சிறிதன்று. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஏற்படும் அரை மணித் தடை ஒரு மாணவனின் ஓராண்டையே பாதிக்கக்கூடும்.

கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பை இங்கு எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் நிலையத்திலிருந்து ஒளியாகப் புறப்படும் செய்தி, வழியில் பல வீடுகளுக்குப் பகிரப்பட்டு, நம் வீட்டுப் பெட்டியில் மின்குறியாக மாறி, ரூட்டரிலிருந்து ரேடியோ அலையாகக் கைபேசியை அடைகிறது. கோளாறு ஒளி வரும் பாதையிலா, ரேடியோ அலையிலா, இவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் பகுதியிலா என்பதே முதற்கண் அறியவேண்டுவது.

இணைப்பு அறுந்தவுடன் பெட்டியை அணைத்துப் போடுவது நம்மவர் வழக்கம். அதனால் சான்று அழிந்துவிடுகிறது. முதலில் விளக்குகளை நோக்குக. எல்.ஓ.எஸ். எனக் குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக மின்னினால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். வீட்டிற்குள் இழை கதவிடுக்கில் நசுங்கியுள்ளதா, 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் மடங்கியுள்ளதா என்று பார்க்கலாம். இழையின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தல் கூடாது. உள்வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளமுடையது. கண்ணுக்குப் புலப்படாததால் எச்சரிக்கையும் தராது.

விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்து, பின் ஒவ்வொன்றாக எரிந்தால் மின்சாரத்தையே ஐயுறல் வேண்டும். மின்தடையின்போது இன்வர்ட்டர் மாறும் கணநேர இடைவெளியே பெட்டியை மறுபடி தொடங்கச் செய்துவிடும். அது சீராகச் சில நிமிடங்கள் ஆகும். தளர்ந்த அடாப்டரும் இதே குறியைக் காட்டும்.

விளக்குகள் சரியாக இருந்தும் தொடர்பு அறுந்தால், மடிக்கணினியை லேன் கம்பியால் ரூட்டருடன் நேரே இணைத்துப் பார்த்தல் வேண்டும். கம்பியில் தடையின்றி இயங்கி, வைஃபையில் மட்டும் அறுந்தால் குற்றம் வீட்டிற்குள்ளேயே உள்ளது. பெரும்பாலும் காரணம் ரூட்டரின் இடமே. அழகுக்காக அதை இரும்பு அலமாரியின் பின்னே மறைத்துவைப்போர் பலர். இரும்பும் கான்கிரீட்டும் அலையைத் தடுப்பவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு கடக்கும்; ஆயினும் அண்டை வீட்டு ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைப்பகுதியில் குறுக்கிடும். அப்பகுதியில் 1, 6, 11 ஆகிய தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. நெரிசல் குறைந்த ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, சுவரில் விரைவில் வலுவிழப்பது. ஆதலின் ரூட்டர் உள்ள அறையிலேயே பாடம் நடத்துவோருக்கு அதுவே ஏற்றது.

கம்பியிலும் அறுந்தால், பிங் என்னும் கட்டளையை இரண்டு முகவரிகளுக்குத் தொடர்ந்து அனுப்புக: ஒன்று ரூட்டரின் முகவரி, பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும், மற்றொன்று 8.8.8.8. முன்னதிலிருந்து மறுமொழி வந்து, பின்னதிலிருந்து வாராவிடில் கோளாறு ரூட்டருக்கு அப்பால் உள்ளது எனக் கொள்ளலாம். இரண்டும் மறுமொழி தந்தும் இணையதளங்கள் திறவாவிடில், பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பையே திருத்தவேண்டும்.

இச்சோதனைகளில் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். ரூட்டரை இடம் மாற்றி, தடத்தையும் மாற்றி, அடாப்டரையும் மாற்றியபின் இணைப்பு சீரானால், எது நோய் எது மருந்து என்பது எவருக்கும் தெரியாது.

ஒரு வாரத்திற்குக் குறிப்பேடு வைத்திருத்தல் நலம். அறுந்த நேரம், மீண்ட நேரம், எரிந்த விளக்குகள், மின்தடை இருந்ததா என்பன போதும். நாள்தோறும் இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை மட்டும் வேகம் தளர்ந்தால், பகிர்ந்த பாதையில் நெரிசல் இருத்தல்கூடும்; அதை வீட்டிலிருந்து தீர்க்க வழியில்லை. நிறுவனத்திடம் முறையிடுகையில், “அடிக்கடி போகிறது” என்பதற்கு மாறாக, கம்பியில் சோதித்த நேரங்களையும் சிவப்பு விளக்கு எரிந்த நேரங்களையும் எழுதிக் கொடுத்து, முறையீட்டின் பதிவு எண்ணைப் பெற்று அதே ஏட்டில் குறித்துக்கொள்க.