தில்லியில் மாணவருக்கு வீடு பார்க்கும் முறை

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், தில்லியில் இருக்கும் நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து அழைப்பு வரத் தொடங்கிவிடும். "பையனுக்கு தில்லி யுனிவர்சிடியில் இடம் கிடைத்திருக்கிறது. நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், பக்கத்தில் ஒரு ரூம் பார்த்து வையுங்கள்" என்பார் ஒன்றுவிட்ட அண்ணன். கல்லூரி விடுதிகளில் இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே வெளியில் வீடு பார்க்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. நம் சொந்தப் பிள்ளைகள் வேறு நகரத்துக்குப் படிக்கப் போகும்போதும் இதே பொறுப்புதான்.

வீடு பார்க்கப் போனதும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "வாடகை எவ்வளவு?" என்பது. அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டும். முதலில் தூரம், அடுத்து உயிர்ப் பாதுகாப்பு, பிறகு பணம், கடைசியில் பத்திரம். இந்த வரிசையிலேயே பாடத்தைப் பார்ப்போம்.

1. தூரம்

"தில்லி யுனிவர்சிடி" என்பது ஒரே இடம் அன்று. அதன் கல்லூரிகள் நகரமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. மிராண்டா ஹவுஸ், கிரோரி மல் போன்றவை வடக்கு வளாகத்தில் உள்ளன. ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி தௌலா குவான் பக்கம், தெற்கு வளாகத்தை ஒட்டி இருக்கிறது. தயாள் சிங் கல்லூரி லோதி ரோட்டில். எனவே பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டதோடு நிற்காமல், கல்லூரியின் பெயரைக் கேளுங்கள்.

வடக்கு வளாகம் என்றால் கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், முகர்ஜி நகர் ஆகியவை மாணவர் தங்கும் பகுதிகள். விஸ்வவித்யாலயா, ஜி.டி.பி. நகர் என இரண்டு மெட்ரோ நிலையங்கள் உண்டு. வெங்கடேஸ்வரா கல்லூரி என்றால் சத்ய நிகேதன். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் என்றால் முனிர்கா, பேர் சராய். ராமகிருஷ்ணபுரத்தில் நம்மவர் அதிகம் என்பதற்காக, வடக்கு வளாகத்தில் படிக்கும் பிள்ளையை அங்கே குடிவைத்தால், தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணத்திலேயே போய்விடும். அது படிக்க வேண்டிய நேரம்.

தெருவைப் பகலில் ஒருமுறையும், இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் நடந்து பாருங்கள். மெட்ரோவிலிருந்து வீடு வரை விளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். பெண் குழந்தைக்கு என்றால் இதை ஒருபோதும் விடக்கூடாது.

2. மாடிப்படி

27 செப்டம்பர் 2023 அன்று முகர்ஜி நகரில் மாணவியர் தங்கியிருந்த ஒரு பி.ஜி. கட்டடத்தில் தீப்பிடித்தது. மாடிப்படி அருகே இருந்த மின்மீட்டர்ப் பலகையிலிருந்து தீ கிளம்பி மேலே பரவியது. கட்டடத்துக்கு ஒரே ஒரு மாடிப்படி. தீயணைப்புப் படையினர் சுமார் 35 மாணவியரை மீட்டனர். 27 ஜூலை 2024 அன்று பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் தரையடித் தளத்தில் மழைவெள்ளம் புகுந்தது. அங்கே நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த மூவர் உயிரிழந்தனர். பொருள்கள் வைக்க மட்டுமே அனுமதி பெற்றிருந்த தளம் அது.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை எளியவை. மீட்டர்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மாடிப்படியின் அடியில் மீட்டர்களும், அவற்றின் பக்கத்தில் ஸ்கூட்டர்களும் நிறுத்தியிருந்தால் அந்த வீடு வேண்டாம். கீழே போக வழி அடைபட்டால் மொட்டை மாடிக்குப் போக முடியுமா? மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா? சாவி யாரிடம்? ஜன்னல் கம்பி திறக்கக் கூடியதா? தரையடித் தளத்தில் அறை, வாடகை எவ்வளவு குறைந்தாலும், வேண்டவே வேண்டாம். மொட்டை மாடியில் கட்டிய பர்சாத்தி மலிவாகக் கிடைக்கும். ஆனால் மே, ஜூன் வெயிலில் அதில் பகலில் உட்கார்ந்து படிப்பது கடினம்.

3. பணக்கணக்கு

சொல்லப்படும் வாடகை வேறு, கையிலிருந்து போகும் தொகை வேறு. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு:

முதல் வீடு: தனி அறை, வாடகை ரூ. 9,000. வெளியே சாப்பாடு ரூ. 4,500. மின்சாரம் 150 யூனிட், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் கேட்பது ரூ. 10, ஆக ரூ. 1,500. ஆட்டோ தினம் ரூ. 60 வீதம் 24 நாளுக்கு ரூ. 1,440. மொத்தம் ரூ. 16,440.

இரண்டாம் வீடு: இருவர் தங்கும் பி.ஜி., சாப்பாட்டுடன் ரூ. 14,000. கல்லூரிக்கு நடந்து போகலாம். மின்சாரத்தில் பாதிப் பங்கு ரூ. 750. மொத்தம் ரூ. 14,750.

ஒன்பதாயிரம் மலிவு என்று நினைத்தவருக்கு, மாதம் ரூ. 1,690 கூடுதல் செலவு. இதில் பெரிய மர்மம் மின்சாரம். பல வீடுகளில் சப்-மீட்டர் வைத்து, வீட்டுக்காரர் தாமே ஒரு விலை சொல்கிறார். யூனிட் விலையை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். குடிவரும் நாளில் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பி.ஜி. என்றால் ஞாயிறு இரவுச் சாப்பாடு உண்டா, கோடை விடுமுறையில் பிள்ளை ஊருக்குப் போகும் மாதங்களுக்கு முழு வாடகையா என்பதையும் கேட்க வேண்டும்.

4. பத்திரம்

பதினொரு மாத ஒப்பந்தம் ஏன் என்று பலருக்குத் தெரிவதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். அதைத் தவிர்க்கவே பதினொரு மாதம். மேலும், 1958ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மாதம் ரூ. 3,500க்கு மேற்பட்ட வாடகை வீடுகளுக்குப் பொருந்தாது. ஆகவே உங்கள் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதே பாதுகாப்பு.

அதில் இருக்க வேண்டியவை: முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், எவற்றுக்காகப் பிடித்தம் செய்யலாம், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, மின்சார விலை. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையே முன்பணத்தின் உச்சவரம்பு என்கிறது. மாநிலங்கள் தனியே சட்டம் இயற்றினால்தான் அது கட்டுப்படுத்தும். ஆனாலும் பேசித் தீர்க்க அது நல்ல அளவுகோல்.

குடியிருப்பவர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரர் கடமை. அதற்கு நகல் கொடுத்தால் போதும். மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் எதையும் அசலாகக் கொடுக்கவே கூடாது. நகலின் மீது "வாடகைச் சரிபார்ப்புக்கு மட்டும்" என்று தேதியுடன் எழுதிக் கொடுங்கள்.

படத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்ப வேண்டாம். யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. "பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி.

5. இந்திப் பாடம்

புதிதாக வரும் பிள்ளைக்கு இந்த நான்கு கேள்விகளையும் சொல்லிக்கொடுங்கள்.

பானீ கித்னே பஜே ஆதா ஹை? – தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?
யூனிட் கா க்யா ரேட் ஹை? – யூனிட் என்ன விலை?
ரசீத் மிலேகீ? – ரசீது கிடைக்குமா?
தூஸ்ரா ராஸ்தா ஹை? – வேறு வழி இருக்கிறதா?

கடைசிக் கேள்வியை மறக்காமல் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

பயிற்சி

அடுத்த முறை ஊரிலிருந்து அழைப்பு வரும்போது, "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லுமுன் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கல்லூரி? வகுப்பு எத்தனை மணி வரை? எல்லாம் சேர்த்து மாதச் செலவு எவ்வளவு முடியும்? பிள்ளைக்கு அசைவம் வேண்டுமா? (சில வீட்டுக்காரர்கள் சமைக்க விடுவதில்லை.) ஒப்பந்தத்தில் கையெழுத்திட யார் வருவார்கள்?

வீட்டை முடிவு செய்த பிறகு, பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதை அவர்கள் தொலைபேசியில் அப்பா அம்மாவிடம் சொல்லமாட்டார்கள்; கவலைப்படுவார்களே என்று மறைப்பார்கள். இலையில் சாதம் போட்டுக்கொண்டே கேட்டால் சொல்லிவிடுவார்கள்.