கணினி திடீரென அணைந்தால்

நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கணினி திடீரென அணைந்துபோகுமாயின், விதியை நொந்துகொண்டு புதியதொன்று வாங்கப் புறப்படுமுன், அஃது எச்சமயத்தில் அணைகிறது என்பதைச் சற்றே கவனித்தல் உத்தமம். விளையாட்டு, வீடியோ தொகுப்பு முதலிய பளுவான காரியங்களில் ஈடுபட்ட சில நிமிஷங்களில் அணைந்து, ஆறிய பின் ஒழுங்காக இயங்குமாயின், பிராசஸரின் உஷ்ணமே காரணமென்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பல பிராசஸர்கள் சுமார் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதுவும் பலிக்காவிடில் அணைந்துவிடும். விசிறியில் அடைந்த தூசியை அகற்றி, பிராசஸர் மேல் உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டைப் புதுப்பியுங்கள்; செலவு சொற்பமே.

சும்மா இருக்கையிலும் வேளைகெட்ட வேளையில் நீலத்திரை தோன்றினால் ராம் என்னும் நினைவக அட்டைகள் மீது சந்தேகம் கொள்ளலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, ஓர் அட்டையை மட்டும் பொருத்தி, மின்னிணைப்பை மீண்டும் கொடுத்து, மெம்டெஸ்ட்86 என்னும் நினைவகச் சோதனையை இரவு முழுதும் ஓடவிடுங்கள். வேறு ஸ்லாட்டில் மாற்றியும் பிழை காட்டினால் அந்த அட்டை தேறாது.