தாலி இருக்கு, தாள் இருக்கா? – திருமணப் பதிவு பற்றி ஒரு பாடம்



குழுவில் சேரும்போது நாம் எத்தனை காகிதம் கொடுத்தோம்! குடும்ப அட்டை நகல், வாக்காளர் அட்டை நகல், ஆதார் நகல், பாஸ் புத்தகம், இரண்டு போட்டோ. கறவை மாட்டுக் கடன் என்றால் இன்னும் கூடுதலாகவே கேட்டார்கள். ஆனால் "கல்யாணத்தைப் பதிவு செஞ்ச சான்றிதழ் இருக்கா?" என்று கூட்டத்தில் கேட்டால் கை தூக்குபவர்கள் மிகச் சிலர்தான்.

"கழுத்துல தாலி இருக்கு. ஊரே வந்து மொய் எழுதிச் சாப்பிட்டுப் போச்சு. இதுக்கு மேல எதுக்கு பேப்பர்?" என்று பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஊருக்குத் தெரியும். ஆனால் தாசில்தார் ஆபீசுக்கும், இன்சூரன்ஸ் ஆபீசுக்கும், கோர்ட்டுக்கும் தெரியாது. அங்கே நமக்காகப் பேசுவது காகிதம்தான். ஆகவே இந்த மாதப் பாடமாகத் திருமணப் பதிவை எடுத்துக் கொள்கிறோம்.

எப்போது தேவைப்படுகிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். வெளியூரில் மில் வேலைக்குப் போன கணவர் திடீரென்று இறந்து போகிறார். பி.எஃப். பணம் வர வேண்டும், இன்சூரன்ஸ் பணம் வர வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு மனைவி மனுக் கொடுக்கிறார். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருகிறார். அந்த நேரத்தில் கணவரின் அண்ணன் தம்பிகள் "இவளுக்கு ஒண்ணும் கிடையாது" என்கிறார்கள். அல்லது வேலை பார்த்த ஊரிலிருந்து இன்னொரு பெண் வந்து "நான்தான் சம்சாரம்" என்கிறார். பதிவுச் சான்றிதழ் இருந்தால் மனைவி அதை எடுத்து வைத்துப் பேசலாம். இல்லாவிட்டால் பத்திரிகை எங்கே, போட்டோ எங்கே, சாட்சி யார் என்று துக்கத்தோடு துக்கமாக அலைய வேண்டும்.

கணவர் விட்டுவிட்டுப் போய் ஜீவனாம்சம் கேட்கும்போதும் இதே நிலைதான். "இவ என் பொண்டாட்டியே இல்லை" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டால், கல்யாணம் நடந்தது என்று நாம்தான் காட்ட வேண்டும். முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்பவர் மீது புகார் கொடுக்கவும் நம் கல்யாணத்துக்கு ஆதாரம் வேண்டும். பாஸ்போர்ட், வெளிநாட்டு விசா போன்றவற்றுக்கும் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லா மதத்தினரின் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 வந்தது. 2009 நவம்பர் 24 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் ஒவ்வொரு திருமணத்தையும், இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும், இச்சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். "சர்ச் புத்தகத்துல கையெழுத்துப் போட்டாச்சு", "ஜமாஅத் புத்தகத்துல எழுதியாச்சு" என்று நின்று விடக் கூடாது. அதற்குப் பிறகும் அரசுப் பதிவு வேண்டும்.

கல்யாணம் நடந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள், ஆக மொத்தம் 150 நாட்கள் வரை செய்யலாம். கல்யாண நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு அன்றிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

எங்கே, எப்படி?

நிலப் பத்திரம் பதியும் அதே சார்பதிவாளர் அலுவலகம்தான். நாம் ரிஜிஸ்டர் ஆபீஸ் என்போமே, அதேதான். முன்பு கல்யாணம் நடந்த இடத்துக்குரிய அலுவலகத்தில்தான் பதிய முடியும். 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கணவர் அல்லது மனைவி குடியிருக்கும் ஊருக்குரிய அலுவலகத்திலும் பதியலாம். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யும் வசதியும் உண்டு.

எடுத்து வைக்க வேண்டியவை:

1. கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் நடந்ததற்கான கோயில் ரசீது, சர்ச் அல்லது ஜமாஅத் சான்று
2. இருவரின் வயதுச் சான்று: பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ்
3. இருவரின் முகவரிச் சான்று: ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை போன்றவை
4. இருவரின் பாஸ்போர்ட் அளவு போட்டோ
5. சாட்சிகள், அவர்களின் அடையாள அட்டையுடன்
6. மறுமணமாக இருந்தால், முதல் துணையின் இறப்புச் சான்றிதழ் அல்லது கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பு நகல்

அசலையும் நகலையும் சேர்த்தே கொண்டு போங்கள். கிளம்பும் முன் பெயர்களை ஒத்துப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் "முத்துலட்சுமி", ஆதாரில் "லட்சுமி", பத்திரிகையில் "முத்து" என்று இருந்தால் அங்கேயே சிக்கல். ஒன்றில் அப்பா இனிஷியல், மற்றொன்றில் கணவர் இனிஷியல் என்பதும் அப்படித்தான். முன்கூட்டியே சரி செய்தால் ஒரு நாள் கூலி மிச்சம். கட்டணம் செலுத்தினால் ரசீது கேட்டு வாங்குங்கள். ஆபீஸ் வாசலில் "நான் முடிச்சுத் தர்றேன்" என்பவரிடம் அசல் காகிதங்களைக் கொடுக்காதீர்கள்.

கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சே?

கவலை வேண்டாம். இந்து முறைப்படி நடந்த பழைய திருமணத்தை இந்து திருமணச் சட்டம், 1955-ன் கீழ் பதியலாம். எந்த மதத்தினரும் சிறப்புத் திருமணச் சட்டம், 1954-ன் 15-வது பிரிவின்படியும் பதியலாம். இதற்குச் சடங்கு முடிந்திருக்க வேண்டும், அன்று முதல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்து வர வேண்டும், பதியும் நேரத்தில் இருவருக்கும் 21 வயது முடிந்திருக்க வேண்டும். 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை.

மதம் வேறு வேறாக இருந்து, யாரும் மதம் மாறாமல் கல்யாணம் செய்ய விரும்பினால் அதற்கும் இந்தச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும்.

நம்மிடையே உலவும் சில பேச்சுகள்

"பதியாட்டி கல்யாணமே செல்லாதாம்." தவறு. பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கல்யாணம் செல்லாமல் போகாது. நிரூபிப்பதுதான் கஷ்டம். பதியாத பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம், 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்கலாம்.

"ரிஜிஸ்டர் பண்ணிட்டா போதும், சடங்கு எதுவும் வேண்டாம்." இதுவும் தவறு. இந்து திருமணச் சட்டப்படி, திருமணமே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் தெளிவாகச் சொல்லி இருக்கிறது.

"ஐயர் இல்லாம நடந்த கல்யாணத்தைப் பதிய மாட்டாங்க." பதிவார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ல் கொண்டு வந்த திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும். மாலை மாற்றினாலும், மோதிரம் மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும்.

"வயசைக் கூட்டிப் போட்டுப் பதிஞ்சிடலாம்." இதற்கு நாம் துணை போகவே கூடாது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். குழந்தைத் திருமணம் நடக்கப் போவதாகத் தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

தனியாகப் போகத் தயங்கும் சகோதரிகள் நம்மில் உண்டு. "இப்ப போய் சர்டிபிகேட் கேட்டா, என் மேல சந்தேகமான்னு சண்டை போடுவாரு" என்று பயப்படுபவர்களும் உண்டு. சந்தேகம் என்று பேசாமல், ஆதார் போல, இன்சூரன்ஸ் போலக் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள். குழுவில் எல்லோரும் சேர்ந்து பதிகிறோம் என்றால் மறுப்பதும் கடினம். கட்டணத்துக்கும் போக்குவரத்துக்கும் கையில் காசு இல்லாதவருக்குச் சிறு உள்கடன் கொடுக்கலாம். சான்றிதழ் கிடைத்ததும் நான்கு நகல் எடுத்து, ஒன்றைத் தாய் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

சட்ட உதவிக்கு வக்கீல் பீஸ் கொடுக்க முடியவில்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. பெண்கள் உதவி எண் 181.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் எத்தனை பேருக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது?
2. இல்லாதவர்களிடம் எந்தெந்தக் காகிதம் குறைகிறது? பெயரில் பிழை யாருக்கு உண்டு?
3. கடந்த மூன்று மாதத்தில் நம் ஊரில் நடந்த கல்யாணங்கள் எவை? அந்த வீடுகளுக்கு 90 நாள் கணக்கை யார் போய்ச் சொல்வது?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். யார், எந்தத் தேதியில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவது என்பதையும் அதே பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.